முகம் மாறாமல் கேட்பது: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஒரு வாசகர், "படிக்கும் காலத்தில் நீங்கள் செய்த உருப்படியான வேலை எது?" என்று கேட்டிருந்தார். மது, புகை, போதைப்பொருள் பழக்கங்களை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் சம்பளமில்லாத தன்னார்வலராக இருந்ததைச் சொன்னேன். அப்புறம் அதே துறையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த நாலு வரிப் பதிலுக்கு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. இந்த மாதப் பகுதி முழுக்க அவற்றுக்குத்தான். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர், ஊர் எதையும் போடவில்லை.

கேள்வி: அம்மா, நான் உளவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. மூன்று மாதமாக ஒரு மதுப்பழக்க ஆய்வகத்துக்குத் தன்னார்வலராகப் போகிறேன். மூளை ஸ்கேன், பெரிய பெரிய பரிசோதனைகள் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனேன். எனக்குக் கிடைத்த வேலை, "நாளைக்கு வர மறந்துவிடாதீர்கள்" என்று போன் செய்வது, கேள்வித்தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, காலண்டர் தாள்களை ஜெராக்ஸ் எடுப்பது. பேராசிரியர் என்னிடம் இதுவரை இரண்டே முறைதான் பேசியிருக்கிறார். சர்டிஃபிகேட்டை வாங்கிக்கொண்டு கிளம்பு என்கிறார்கள் தோழிகள். இதில் நான் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறதம்மா. நீங்கள் ஜெராக்ஸ் எடுக்கும் அந்தக் காலண்டர் தாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

"மாதத்தில் எத்தனை நாள் குடிக்கிறீர்கள்?" என்று ஒருவரிடம் நேராகக் கேட்டால், "எப்பவாவதுதான்" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்மில் யாருக்குமே எந்தப் பழக்கமும் அப்படி மொத்தக் கணக்காக நினைவில் நிற்பதில்லை. அதற்காகத்தான் லிண்டா சோபெல், மார்க் சோபெல் என்ற ஆய்வாளர் தம்பதி, காலண்டரை நடுவில் வைத்துக்கொண்டு நாள் நாளாகப் பின்னோக்கிப் போகும் முறையை உருவாக்கினார்கள். 'டைம்லைன் ஃபாலோபேக்' என்று உங்கள் ஆய்வகத்தில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் கடந்த 90 நாட்களைக் கேட்பார்கள். முதலில் மதுவைப் பற்றிப் பேசவே மாட்டோம். சம்பள நாள், பிள்ளையின் பிறந்தநாள், உறவில் ஒரு சாவு, காய்ச்சலில் படுத்த வாரம், மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போன நாள் என்று அவர் வாழ்க்கையில் நடந்தவற்றைத்தான் முதலில் குறிப்போம். அந்த நாட்களைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அவற்றை ஒட்டிய நாட்கள் தாமாக மேலே வரும். "ஆமாம், அன்றைக்கு மறுநாளும் குடித்தேன்" என்பார்.

ஐந்தாவது மாதத்தில்தான் என்னை ஒரு பேட்டியில் கேள்வி கேட்க அனுமதித்தார்கள். எதிரில் இருந்தவருக்கு என் அப்பா வயது. நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். ஒரு சனிக்கிழமைக்கு அவர் ஓர் எண்ணைச் சொன்னார். நான், "அவ்வளவா?" என்றேன். அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அவர் சொன்ன எண்கள் எல்லாம் இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு. அவர் போன பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருங்கிணைப்பாளர் அந்தத் தாளை என் முன்னால் திருப்பி வைத்து, "இந்த இடத்தில் நீ என்ன செய்தாய் என்று தெரிகிறதா?" என்று கேட்டார். தாளைப் பார்த்தாலே தெரிந்தது. முதல் ஒரு மாதத்து நாட்கள் ஒரு மனிதர் உள்ளபடி சொன்னவை. மீதி இரண்டு மாதம் எனக்காகச் சொன்னவை. அந்தத் தாளில் பாதிக்கு மேல் வீணாயிற்று. அதைவிட, எங்களை நம்பிப் பேச வந்தவர் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிப் போனார். பல ஆண்டுகள் ஆகியும் அவருடைய சட்டையின் நிறம் எனக்கு நினைவிருக்கிறது.

முகம் மாறாமல் கேட்பது ஒரு திறமை. ஆச்சரியம் வேண்டாம், அனுதாபம் வேண்டாம், "பரவாயில்லையே, குறைத்திருக்கிறீர்களே!" என்ற பாராட்டும் வேண்டாம். பாராட்டினால் அடுத்த வாரம் பாராட்டு வாங்குகிற மாதிரி ஓர் எண்ணைச் சொல்வார். "சரி, ஞாயிற்றுக்கிழமை?" என்று அடுத்த நாளுக்குப் போக வேண்டும். கேட்க எளிதாகத் தெரியும். எனக்கு அது படிய ஒரு வருடம் ஆனது.

அவர் சொல்லும் 'ஒரு கிளாஸ்' எவ்வளவு என்பது இன்னொரு சங்கதி. குடிப்பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று கண்டறிய உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' கேள்வித்தாள் ஓர் அளவு மது என்பதை 10 கிராம் தூய ஆல்கஹாலாகக் கொள்கிறது. அமெரிக்காவில் அதே ஓர் அளவு 14 கிராம். வீட்டில் கையால் ஊற்றுகிறவருக்கு இரண்டும் பொருந்தாது. நாங்கள் மேஜையில் பல அளவில் காலி கிளாஸ்களை வைத்திருப்போம். "நீங்கள் வழக்கமாக ஊற்றுவது போலத் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள்" என்போம். பிறகு அதை அளப்போம். ஒரு கிளாஸ் என்று சொன்னது பல நேரம் இரண்டரையாக இருக்கும்.

அப்புறம் உங்கள் டேட்டா என்ட்ரி. காலியாக விட்ட கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல. "எத்தனை நாள் குடித்தீர்கள்?" என்ற இடத்தில் 0 இருந்தால் அவர் குடிக்கவில்லை. காலியாக இருந்தால், அவர் பதில் சொல்ல விரும்பவில்லை, அல்லது யாரோ கேட்க மறந்துவிட்டார்கள். காலிக் கட்டத்தில் அவசரமாக 0 போட்டுவிட்டால், ஒருவர் சொல்லாமல் வைத்துக்கொண்ட துயரத்தை நாம் வெற்றியாக மாற்றி எழுதியதாகிவிடும். பதில் இல்லை என்பதற்கு உங்கள் ஆய்வகத்தில் 99 போன்ற ஒரு குறியீடு இருக்கும். 99-க்குப் பதில் 9 விழுந்தால் அது ஒன்பது நாள் குடித்ததாகப் போய்ச் சேரும். இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றி ஒப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் இதற்காகத்தான்.

நினைவூட்டல் போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புகையை நிறுத்த உதவும் ஆய்வுகளில், கடைசிப் பரிசோதனைக்கு வராமல் தொடர்பு விட்டுப்போனவரை மீண்டும் புகைப்பவராகவே கணக்கில் சேர்ப்பது பரவலான வழக்கம். அவர் உண்மையில் ஆறு மாதமாக ஒரு சிகரெட்கூடத் தொடாமல் இருந்திருக்கலாம். நீங்கள் மூன்றாவது முறை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். கூப்பிடாததால் அவர் தோற்றவர்கள் பட்டியலில் போய்விடுவார். உங்கள் போனுக்கு இவ்வளவு பொறுப்பு இருக்கிறது.

ஒன்றே ஒன்று, போனை வேறு யாராவது எடுத்தால் "போதை ஆய்வகத்திலிருந்து பேசுகிறேன்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அவர் இந்த ஆய்வில் இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். உங்கள் பெயரை மட்டும் சொல்லி, பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிடுங்கள்.

பேராசிரியரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஓர் ஆய்வகத்தில் கற்றுக்கொடுப்பவர் பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளர்தான். அவரிடம் ஆய்வின் முழுத் திட்ட அறிக்கையையும் ஒப்புதல் படிவத்தையும் கேட்டு வாங்கி, வரி விடாமல் படியுங்கள். பேட்டியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பங்கேற்பாளர் சம்மதித்தால்தான் அது முடியும், அதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் ஏற்றிய தாள்களிலிருந்தே உங்களுக்கென்று ஒரு சின்னக் கேள்வி பிறக்கும். எனக்குப் பிறந்தது, "சம்பள நாளுக்கு அடுத்த மூன்று நாட்கள் ஏன் இப்படி இருக்கின்றன?" என்ற கேள்வி. அதை வைத்துத்தான் என் முதுகலை ஆய்வே நடந்தது.

கேள்வி: நானும் அப்படி ஒரு ஆய்வகத்தில் சேர்ந்திருக்கிறேன் அம்மா. யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். என் அப்பா தினமும் குடிப்பவர். சில தாள்களை ஏற்றும்போது எங்கள் வீட்டைப் பற்றியே யாரோ எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. கை அப்படியே நின்றுவிடுகிறது. இதை ஆய்வகத்தில் சொல்லலாமா? சொன்னால் அனுப்பிவிடுவார்களா? அந்தக் கேள்வித்தாளை அப்பாவிடமும் போட்டுப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: கண்ணம்மா, உன்னை 'நீ' என்றே கூப்பிடுகிறேன். என் அண்ணனும் அப்படித்தான் இருந்தார். நான் அந்த ஆய்வகத்தின் படி ஏறியதே அவரைப் புரிந்துகொள்ளத்தான். இரண்டு ஆண்டுகள் அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. 'ஆடிட்' கேள்வித்தாளின் பத்தாவது கேள்வி உனக்குத் தெரிந்திருக்கும். உறவினரோ நண்பரோ மருத்துவரோ உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்களா, குறைக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்கும். கடந்த ஓராண்டுக்குள் என்றால் 4 மதிப்பெண், அதற்கு முன்னால் என்றால் 2, இல்லையென்றால் 0. ஒரு நாள் மதியம் அந்தக் கட்டத்தில் 4, 4, 4 என்று அடித்துக்கொண்டே போனபோது, அந்த 'உறவினர்' நான்தான் என்று புரிந்தது. எழுந்து கழிப்பறைக்குப் போய் அழுதேன். உன் கை நிற்பது எனக்குத் தெரியும்.

சொல்லலாம். எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஒருங்கிணைப்பாளரிடம் மட்டும், "இந்த விஷயம் என் வீட்டுக்கு நெருக்கமானது, சில பேட்டிகளிலிருந்து சில நாள் விலகி இருக்க வேண்டி வரலாம்" என்று சொன்னால் போதும். இந்தத் துறைக்கு வருபவர்களில் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள் நிறைய. நான் ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது என்னிடமும் பல மாணவர்கள் வந்து சொன்னார்கள். ஒருவரையும் அனுப்பவில்லை. அவர்களுக்கு வேறு வேலை மாற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அப்பாவிடம் அந்தத் தாளைப் போடாதே. அதில் மொத்தம் 40 மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான வரையறை. உன் அப்பாவுக்கு ஓர் எண் வந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? அவர் உன்னை மகளாகப் பார்ப்பதை விட்டுவிட்டு மதிப்பெண் போடுகிறவளாகப் பார்ப்பார். நீ அவருக்கு மகளாகவே இரு. அவர் உதவி தேட விரும்பும் நாளில் ஒரு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போ.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடித்து வந்தவரை, "இன்றோடு நிறுத்துங்கள்" என்று வீட்டில் யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் சிலருக்குக் கை நடுக்கத்தோடு முடியாமல் வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் நான்கைந்து நாட்கள் மருத்துவர் கண்காணிப்பில் கழிய வேண்டும். என் அண்ணனுக்கு இரண்டாம் நாள் வலிப்பு வந்தபோது எங்களுக்கு இது தெரியாது.

உனக்கும் ஒரு துணை வேண்டும். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே 1951-இல் தொடங்கிய 'அல்-அனான்' குழுக்கள் பல நாடுகளில் கூடுகின்றன. ஒரு கூட்டத்துக்குப் போய் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாலும் போதும்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் போதைப்பொருள் பழக்கம் உள்ளவரை ஒருவர் "ஜங்கி" என்கிறார், இன்னொருவர் "குடிகாரன்" என்கிறார். சொல்லில் என்ன இருக்கிறது, வேலை நடந்தால் சரி என்று விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். ஜான் கெல்லி என்ற ஆய்வாளர் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார். 2010-இல் வெளியான அந்த ஆய்வில் 500-க்கும் மேற்பட்ட மனநலத் துறையினரிடம் ஒரே மனிதரின் கதையைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தாளில் அவர் 'போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்'. மீதிப் பேருக்குக் கொடுத்ததில் 'போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்'. கதை வரிக்கு வரி ஒன்றுதான். முதல் சொல்லைப் படித்தவர்கள் அவர்மேல் அதிகம் பழி போட்டார்கள், தண்டனை போன்ற நடவடிக்கைக்கு அதிகம் சாய்ந்தார்கள். படித்துத் தேர்ந்த மருத்துவத் துறையினரே இப்படி!

தமிழில் இது இன்னும் கூர்மையானது. நாம் திட்டுச் சொல்லே சொல்ல வேண்டியதில்லை, வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். "மூணாம் நம்பர் வந்தான்" என்கிறோமா, "வந்தார்" என்கிறோமா? நான் ஒருங்கிணைப்பாளர் ஆனதும் போட்ட முதல் விதி அதுதான். அவர் அறையில் இல்லாதபோதும் 'அவர்', 'வந்தார்', 'சொன்னார்'. ஒரு மாதத்தில் எல்லார் வாயிலும் படிந்துவிட்டது.

கேள்வி: அக்கா, ஆய்வில் இருக்கும் ஓர் அண்ணன் என்னோடு நன்றாகப் பழகுவார். போன வாரம், "தம்பி, மறுபடி ஆரம்பிச்சுட்டேன். சாரிடம் மட்டும் சொல்லிடாதே" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பதில்: தம்பி, அந்த 'சரி'யைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அவர் வரும்போது தனியாக உட்கார வைத்து, "அண்ணா, அன்றைக்கு நான் அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இங்கே சொல்வது ஆய்வுக் குழுவுக்கு வெளியே போகாது. குழுவுக்குள் நான் மறைக்க முடியாது" என்று நேராகச் சொல்லுங்கள். ஆனால் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே சொல்லிவிடுங்கள். அவர் ஏதாவது மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், மறுபடி ஆரம்பித்தது மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

அவர் பயப்படுவது, வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று. பெரும்பாலான ஆய்வுகளில் மறுபடி ஆரம்பித்ததற்காக யாரையும் வெளியேற்ற மாட்டார்கள். சறுக்கல் எப்போது வருகிறது, எதனால் வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தானே ஆய்வு நடக்கிறது! ஒப்புதல் படிவத்தில் அது எழுதியிருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

யாராவது, "இனி உயிரோடு இருந்து என்ன பயன்?" என்கிற மாதிரி பேசினால் அந்த நிமிடமே எழுந்து போய்ப் பொறுப்பாளரைக் கூட்டி வாருங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். நீங்களே ஆறுதல் சொல்லிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும் நீங்கள் அங்கே ஆலோசகர் அல்ல.

பங்கேற்பாளரோடு பழகுவது என்றதும் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். மாணவியாக இருந்தபோது பேருந்தில் ஒரு பங்கேற்பாளரைப் பார்த்துவிட்டு, தெரிந்தவராயிற்றே என்று சிரித்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த அவர் மகள், "யாருப்பா இவங்க?" என்றாள். அவர் முகம் வெளிறிப்போனது. அதற்குப் பிறகு அவர் ஆய்வகத்துக்கு வரவே இல்லை. வெளியில் பார்த்தால் நாம் முதலில் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவராக வந்து பேசினால் பேசலாம். இதை முதல் நாளே பங்கேற்பாளரிடமும் சொல்லி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் நாம் முகம் கொடுக்கவில்லை என்று வருந்துவார்.

கேள்வி: என் மகன் போதைப்பொருள் ஆய்வகத்தில் தொண்டு செய்யப் போகிறேன் என்கிறான். அங்கே ஆட்களுக்குப் போதைப்பொருள் கொடுத்துச் சோதிப்பார்களாமே? பிள்ளைக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளாதா? தாய் மனசு கேட்கவில்லை.

பதில்: சகோதரி, உங்கள் பயம் வீண் பயம் இல்லை. அதற்கு ஒரு பழைய காரணமே இருக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் 1935-இல், போதைப் பழக்கம் உள்ள கைதிகளுக்கும் தாமாக வந்து சேர்பவர்களுக்கும் என்று ஒரு பெரிய அரசு மருத்துவமனை திறந்தார்கள். அங்கே ஓர் ஆய்வு மையமும் இருந்தது. கைதிகளுக்கு மார்ஃபின், ஹெராயின் போன்றவற்றைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். கலந்துகொண்டதற்குக் கூலியாகவே போதைப்பொருள் கொடுத்த காலமும் உண்டு. போதைப்பொருளை நிறுத்தும்போது உடல் படும் விலகல் அவதியைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பகுதி அங்கிருந்து வந்தது. ஆனால் அடைபட்டுக் கிடக்கும் ஒருவர், தான் ஏங்குகிற பொருளையே கூலியாகக் காட்டும்போது சொல்கிற சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படி ஏற்பது? 1970-களின் நடுவில் கைதிகள்மேல் நடந்த அந்த ஆய்வுகள் நின்றன. மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளில் நடந்த பல அநியாயங்களுக்குப் பிறகு, 1979-இல் 'பெல்மான்ட் அறிக்கை' வந்தது. மனிதருக்கு மரியாதை, அவருக்கு நன்மை, சுமையிலும் பலனிலும் நீதி என்று மூன்று கோட்பாடுகளை அது வைத்தது. இன்று எந்த ஆய்வும் ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. பங்கேற்பாளர் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், சிகிச்சைக்குப் பங்கம் வராமல் விலகலாம்.

மதுவையோ வேறு பொருளையோ அளந்து கொடுத்துச் செய்யும் ஆய்வுகள் இன்றும் சில இடங்களில் உண்டு. அங்கே மருத்துவர் இருப்பார், பொருள் பூட்டிய அலமாரியில் இருக்கும், எடுத்ததும் வைத்ததும் கணக்கில் ஏறும். கலந்துகொண்டவரின் மூச்சில் ஆல்கஹால் அளவு இறங்கும்வரை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். மாணவத் தன்னார்வலரின் கை அந்த அலமாரிப் பக்கமே போகாது. அவர்களுக்குக் கிடைப்பது தாளும் போனும்தான். சிறுநீர் மாதிரிப் புட்டியைக் கையாளச் சொன்னால் அதற்கு முன்னால் பயிற்சியும் கையுறையும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் சொன்னால் மறுக்கச் சொல்லுங்கள்.

பழக்கம் ஒட்டிக்கொள்ளுமா என்கிறீர்கள். நான் அருகிலிருந்து பார்த்தவரை அது மாணவர்களை எச்சரிக்கை உள்ளவர்களாகத்தான் ஆக்கியது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. மற்றவர்களின் துயரத்தை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வரும் பிள்ளை இரவில் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, பேசுகிறானா என்று பாருங்கள். "இன்றைக்கு யார் வந்தார்கள்?" என்று கேட்காதீர்கள், அவன் சொல்லக் கூடாது. "இன்றைக்கு உனக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள்.

கேள்வி: ஒருவர் "தொடவே இல்லை" என்று சத்தியம் செய்கிறார். சிறுநீர்ப் பரிசோதனை 'பாசிட்டிவ்' என்கிறது. யாரை நம்புவது?

பதில்: உடனே யாரையும் சந்தேகிக்காதீர்கள். கையில் வைத்துப் பார்க்கும் அட்டைப் பரிசோதனை முதல் வடிகட்டல் மட்டுமே. கசகசா சாப்பிட்டவருக்குக்கூட மார்ஃபின் பாசிட்டிவ் காட்டலாம், ஏனென்றால் இரண்டும் ஒரே செடியிலிருந்து வருபவை. உறுதிப்படுத்த இன்னும் நுட்பமான ஆய்வுக்கூடச் சோதனை உண்டு. கஞ்சாவை நீண்ட காலம் தினமும் பயன்படுத்தியவர் நிறுத்திச் சில வாரங்கள் ஆன பிறகும் சிறுநீரில் அதன் தடயம் இருக்கும். அவர் இந்த வாரம் தொடவில்லை என்பது முழு உண்மையாக இருக்கலாம். புகையிலும் இப்படித்தான். நிகோடின் உடலுக்குள் மாறி உண்டாகும் கோட்டினின் என்ற பொருளை உமிழ்நீரில் அளந்தால் சில நாட்களின் நிகோடின் தெரியும், ஆனால் புகையை நிறுத்துவதற்காகத் தோலில் நிகோடின் பட்டை ஒட்டியிருப்பவருக்கும் அது இருக்கும். மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளந்தால் பட்டை குழப்பாது, ஆனால் ஏறக்குறைய ஒரு நாளைக்கு முன்னால் நடந்தது தெரியாது. அவர் சொன்னதையும் கருவி சொன்னதையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தாதீர்கள்.

கேள்வி: ஒரு முறை அடிமையானால் வாழ்நாள் முழுக்க அடிமைதான் என்கிறார்களே. அப்படியானால் இந்த ஆய்வெல்லாம் எதற்கு?

பதில்: லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களைத் தேடித்தேடிப் பேட்டி கண்டார். அங்கே இருந்தபோது ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாக இருந்ததாக ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சொன்னார். அப்படி அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். 1970-களில் இதை வெளியிட்டபோது நம்ப மறுத்தவர்கள் பலர். சூழல் மாறியது, துணைக்கு இருந்த ஆட்கள் மாறினார்கள், பொருள் கைக்கெட்டும் இடத்தில் இல்லை. எல்லாருக்கும் அப்படி ஊர் மாறிப் போக வழி இருக்காது, அதனால் எல்லாருக்கும் இது எளிது என்று நான் சொல்லவில்லை. என் அண்ணனுக்கு ஏழு முறை சறுக்கியது. எட்டாவது முறை நின்றது. கடைசிப் பதினொரு ஆண்டுகளை அவர் குடிக்காமல் வாழ்ந்தார். அந்தப் பதினொரு ஆண்டுகளை 'அடிமை' என்ற சொல்லுக்குள் அடைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கேள்வி: எனக்கு இறுதித் தேர்வு நெருங்குகிறது. ஆய்வகத்தை விட்டு நிற்க வேண்டும். ஒரு மெசேஜ் போட்டுவிட்டு நின்றுவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. குறைந்தது ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். ஒவ்வொரு வாரமும் உங்கள் குரலைக் கேட்டே வந்துகொண்டிருந்தவர்கள் இருப்பார்கள். அவர்களிடம், "இன்ன தேதி வரை நான் கூப்பிடுவேன், அதற்குப் பிறகு இவர் கூப்பிடுவார்" என்று சொல்லி, புதியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரிரு முறை பேசுங்கள். சொல்லாமல் காணாமல் போகும் மனிதர்களை அவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்தவர்கள். பாதியில் நிற்கும் தாள்கள் எவை, யாரைத் திரும்பக் கூப்பிட வேண்டும், யார் வீட்டில் யார் போனை எடுத்தால் வைத்துவிட வேண்டும் என்று ஆய்வக நோட்டில் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு எதுவும் உங்கள் சொந்தப் போனில் இருக்கக் கூடாது, இருந்தால் ஒருங்கிணைப்பாளர் முன்னிலையில் அழித்துவிடுங்கள். கடைசி நாள் அலமாரியைப் பூட்டி, சாவியை அவர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.